மேல்காத்து

1992 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை. வேலப்பன்சாவடியிலிருந்து திருவேற்காட்டுக்குப் போகும் கிளைச் சாலையில், சித்தேரி வளைவில், விடிந்தும் விடியாத நேரத்தில், செங்கல் ஏற்றி வந்த லாரி மோதி சைக்கிளில் வந்த சின்னசாமி என்பவர் இறந்தார். வயது முப்பத்தெட்டு. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

லாரி ஓட்டுநர் செபாஸ்டியன் போலீஸிடம் சொன்னது ஒரே வார்த்தை. "புகை."

அந்த வார்த்தையை நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி லூர்தம்மாள். இன்னொருவர் துப்பறியும் பரந்தாமன். அவருடைய உதவியாளன் வேதமுத்துவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எதையும் நம்புவதற்கு முன் ஒரு டீ கேட்பவன் அவன்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் பரந்தாமனின் அலுவலகம். விமானப் படையின் வானிலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேகத்தைப் பார்த்தால் அதன் பெயர் சொல்வார், மனிதர்களின் பெயர்தான் மறந்துபோகும். வேதமுத்து அதற்கு நேர் எதிர். முன்பு ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். இடைவேளைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை முறுக்கு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறான் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை. மேஜை மேல் இரண்டு படங்கள் கிடந்தன. பரந்தாமனின் பழைய படைத் தோழர் அய்யாசாமி, கிண்டியில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் ஓர் ஆய்வகத்தில் இருந்தார். அவர் கொடுத்தனுப்பியவை.

எதிரே பெஞ்சில் லூர்தம்மாள். அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இதும்மா, அன்னிக்குக் காலையில மேல இருந்து எடுத்த படம்" என்றார் பரந்தாமன். கறுப்பு வெள்ளைப் படம். கடற்கரையைக் காட்டி வளைந்த ஒரு கோடு. படத்தின் இடது மேல் மூலையிலிருந்து கிளம்பி, பஞ்சைப் பிய்த்து இழுத்துவிட்டது போல ஒரு வெளுத்த தடம் கடலுக்குப் போயிற்று. "ஆந்திர எல்லையில மலைக்காடு பத்தி எரிஞ்சுதுன்னு பேப்பர்ல வந்துதே, அதோட புகை இது."

லூர்தம்மாள் எழுந்துவிட்டாள். "அப்ப புகை இருந்துச்சுல்ல சார்? இருந்துச்சுல்ல?"

"இருந்துது. ஆனா பொன்னேரி மேல போய் கடல்ல இறங்கிடுச்சு. வேலப்பன்சாவடிப் பக்கமே வரல."

அவள் உட்கார்ந்தாள். சட்டையில் காஜா எடுத்து எடுத்துத் தேய்ந்த விரல், படத்தில் பொன்னேரிக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைத் தடவியது.

"எதிர்ல எதுவும் தெரியல, வெள்ளையா மூடிக்கிச்சுன்னு மொத நாளு சொன்னாரு சார். ஏரிக்கரைக்காரங்க எல்லாருமே புகையே இல்லன்னு சொல்லிட்டாங்க. இப்ப அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. 'நான் தூங்கிட்டேனோ லூர்து, தூக்கத்துலதான் புகையா தெரிஞ்சுதோ'ன்னு என்னைக் கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்லட்டும்? திங்கக்கெழம கோர்ட்ல ஒத்துக்கப் போறாராம். ஜெயிலுக்குப் போனா போவட்டும் சார், வந்துடுவாரு. தூங்கி ஒரு ஆளைக் கொன்னுட்டேன்னு நெனச்சுகினே அவரு மிச்ச நாளு பூரா இருக்கணுமா?"

வேதமுத்து ஜன்னல் வழியாகப் பஸ் நிலையத்தைப் பார்த்தான். 

அவள் போன பிறகுதான் கேட்டான். "அண்ணாத்தே, வளைவாண்ட இருக்கற அந்த டீக்கடை அம்மா மட்டும் பொக இருந்துச்சுன்னு சொல்லிச்சே?"

"சொன்னாங்க. ஆனா இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா? 'அந்தம்மாவே புகை மேல் காத்துல இருந்துதுன்னு சொல்லுது சார். மேல போற புகை ரோட்டை எப்படி மறைக்கும்?'னார். அதை வெச்சுத்தான் நானும் மலைப் புகையா இருக்கும், மேல்காத்துல மிதந்து வந்து இங்க இறங்கியிருக்கும்னு நெனச்சேன். ரெண்டு வாரம் வானத்தைப் பாத்ததுதான் மிச்சம்."

"ஆளைத் தேடறதுன்னா சொல்லுங்க, ஆவடிலேருந்து ஆர்க்காடு வரிக்கும் தேடறேன். பொகையத் தேடச் சொன்னா நான் எங்க போயி அதுக்கு வெலங்கு மாட்டறது?" வேதமுத்து இரண்டாவது படத்தை எடுத்தான். "இது இன்னா, ஹோலி பண்டிகை அன்னிக்கு எடுத்ததா?"

அது கலர்ப் படம். அய்யாசாமி உபரியாக வைத்தது. விபத்து நடந்து இரண்டு நாள் கழித்து, நிலத்தை மட்டும் பார்க்கும் வேறொரு செயற்கைக்கோள் எடுத்தது. வயலும் தோப்பும் ரத்தச் சிவப்பாக இருந்தன. ஊர்கள் சாம்பல் நீலம்.

"இந்தப் படத்துல பச்சைச் செடி சிவப்பா தெரியும். தண்ணி கருப்பா தெரியும்."

"செடி செவப்பு, தண்ணி கருப்பு. டிவி ரிப்பேர்காரன்கிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவான் அண்ணாத்தே."

வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு. அதன் ஓரத்தில் அய்யாசாமி பென்சிலால் அழகாக எழுதியிருந்தார்: ஏரி.

"எதுக்கும் அந்த டீக்கடை அம்மாவை நேராப் பாத்துடுவோம்" என்றார் பரந்தாமன். "நம்ம காதால கேட்டதில்ல."

"டீக்கடைன்னா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" வேதமுத்து படத்தை உறையில் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

பரந்தாமனின் பழைய ஸ்கூட்டர் அயப்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றது. திருவேற்காட்டில் மூன்றாம் முறை. "இதுக்கும் வயசாச்சு, ஓய்வு குடுத்துடுங்க. பென்ஷன் கேக்காது" என்று சொல்லியபடி வேதமுத்து தள்ளினான்.

ராஜம்மாவின் டீக்கடை, கிளைச் சாலையின் கிழக்கு ஓரத்தில், சித்தேரி வளைவுக்குக் கொஞ்சம் தெற்கே. நான்கு கம்பு, மேலே கீற்று, ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு. சாலைக்கு அந்தப் பக்கம் ஏரியின் தாழ்ந்த கரை. அதற்கப்பால் அகலமாக விரிந்த ஏரி. தொலைவில் மேற்குக் கரையில் இருபது முப்பது கூரைகள். சின்னசாமியின் ஊர் அதுதான்.

அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபோது ராஜம்மா டீ போடவில்லை. அடுப்புக்கு மேற்கே நிறுத்தியிருந்த துருப்பிடித்த தகரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, கிழக்கே நிறுத்தி, இரண்டு கல்லை முட்டுக் கொடுத்தாள்.

"இன்னாம்மா, தெனம் கடைக்கு வாஸ்து பாக்கறியா?" என்றான் வேதமுத்து. "வாசலை இந்தாண்ட வெச்சிருந்த, இப்ப அந்தாண்ட மாத்தற."

"வாஸ்து பாக்கற மூஞ்சிய பாரு. காத்து மாறிக்கிச்சுடா. காலீல மேக்காத்து அடுப்ப அணைக்கும். வெயிலு ஏறுனா கடக்காத்து வந்துடும். தகரத்த மாத்திக் குத்தலன்னா எம் மூஞ்சி எரியும். சக்கர தூக்கலா?"

வேதமுத்து பதில் சொல்லத் திரும்பியவன், பரந்தாமனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவர் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல்காத்துன்னா என்னம்மா?"

"இன்னா சார் இப்டி கேக்கற. மேக்கால இருந்து வர காத்து. நீ எந்த ஊரு?"

"அவரு வானத்து ஊரும்மா" என்றான் வேதமுத்து. "அங்க மேலன்னா மாடி."

பரந்தாமன் சிரிக்கவில்லை. படையில் இருந்தவரை தினமும் பலூன் பறக்கவிட்டு அளந்தது கீழ்க்காற்று, மேல்காற்று. தரையில் வீசுவது ஒன்று, உயரத்தில் வீசுவது ஒன்று. அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

"மேக்காத்துல பொக வந்துச்சு சார், கண்ணு எரிஞ்சு பால் பொங்கறதுகூட தெரில, அப்பாலதான் டமால்னு சத்தம் கேட்டுதுன்னேன். அவரு 'மேலயா, மேலயா?'ன்னு கேட்டாரு. ஆமா சார், மேலதான்னேன். மேல தெரு, கீழ தெருன்றோம்ல, அத்தத்தான் கேக்கறாருன்னு நெனச்சேன். ஏன் சார், தப்பா?"

"தப்பில்லம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். "புகை வானத்திலிருந்து வரல வேதமுத்து. மேற்கே இருந்து தரையோட தரையா வந்திருக்கு. மேற்கே என்ன இருக்கு?"

மேற்கே சித்தேரி இருந்தது. வேதமுத்து அதைப் பார்த்தான். பிறகு சட்டைக்குள்ளிருந்து கலர்ப் படத்தை எடுத்துப் பார்த்தான். மறுபடி ஏரியைப் பார்த்தான்.

"அண்ணாத்தே, உங்க கிண்டி தோஸ்த்து நல்ல மனுசன். இந்த ஊருக்குத் தண்ணி வுட்டுட்டாரு."

"என்ன?"

"ஏரின்னு எழுதிக் கருப்பா காட்டறாரே, தண்ணின்னு. ராஜம்மா, சித்தேரில எப்பம்மா தண்ணி இருந்துச்சு?"

"போன மயைக்கு இருந்துச்சு. பொங்கலுக்கே வத்திப் பூட்டுது. கோரதான் ஆளு ஒசரத்துக்கு நின்னு காஞ்சு கெடந்துச்சு."

பரந்தாமன் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஏரி என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் கறுப்பு. அய்யாசாமியும் அப்படித்தான் பார்த்திருக்கிறார், பரந்தாமனும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். தண்ணீரைத் தவிர, கருகிய நிலமும் கறுப்பாகத்தான் தெரியும்.

"இந்தக் கோரை எப்ப எரிஞ்சுது?"

"கோடைல ஏரி எரியறது இன்னா பெரிய சேதியா சார்? பீடி போட்டாலே பத்திக்கும்" என்றாள் ராஜம்மா. "போலீசு கேட்டப்ப, அது முன்னாடி வாரமே எரிஞ்சுதுன்னு அக்கரைல சொல்லிக்கினாங்கோ. நான் கண்டனா? என் கண்ணு எரிஞ்சது அன்னிக்குத்தான்."

பரந்தாமன் படத்தைப் பெஞ்சில் விரித்தார். கறுப்புத் திட்டுக்கு ஏரியின் வடிவம் இல்லை. மேற்குக் கரையில் ஒரு முனையாகத் தொடங்கி, போகப் போக அகன்று, கிழக்கே சாலை ஓரத்தில் பரந்து முடிந்தது.

"விசிறி மாதிரி இருக்கு பாரு. ஒரு இடத்துல பத்தின தீ காத்தோட பரவினா இப்படித்தான் விரியும். அகலமான பக்கம் ரோட்டுல இருக்கு. அப்படின்னா காத்து மேற்கேருந்து. விசிறியோட கைப்பிடி எங்க இருக்கோ..."

"அங்கதான் தீப்பெட்டி" என்று முடித்தான் வேதமுத்து. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தான். கேஸ் முடிந்துவிட்டது என்று நினைத்தான். லூர்தம்மாள் முகம் எப்படி மாறும் என்று நினைத்தபோது சீட்டியடிக்கக்கூடத் தோன்றியது.

ஏரிக்குள் இறங்கி நடந்தார்கள். சாம்பலைக் காற்று கொண்டுபோயிருந்தது. எரிந்த கோரையின் அடித்தூரில் பச்சை முளை விட்டிருந்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தெரியாமல் பார்த்தால் எரிந்த நிலம் என்று சொல்ல முடியாது.

"எவனோ பீடி போட்டுருப்பான். அவனைப் புடிச்சா நம்ம செபாஸ்டியன் வெளிய" என்றான் வேதமுத்து.

"பீடி போட்ட ஆளைக் காப்பாத்த ஊர் பூரா பொய் சொல்லுமா?" என்றார் பரந்தாமன். "அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. புகை இல்ல, கோரை முன்னாடியே எரிஞ்சுது. உண்மையைச் சொல்றவங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வாங்க."

மேற்குக் கரையோரம் ஒரு கருவேல மரம். அதன் கீழ்க் கிளைகள் கருகியிருந்தன. கறுப்புத் திட்டின் முனை அங்கேதான் வந்து முடிந்தது. அந்த இடத்தில் மட்டும் சாம்பல் கெட்டியாக, தரையோடு ஒட்டியிருந்தது. வேதமுத்து குந்தி உட்கார்ந்து குச்சியால் கிளறினான். கருகிய பஞ்சு உருண்டையாக வந்தது. பிறகு ஒரு சின்ன அலுமினிய டப்பா. ஒரு பக்கம் உருகிச் சப்பையாகிவிட்டது. மூடியை நெம்பினான். உள்ளே கெட்டித்துப்போன சுண்ணாம்பு.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமலே இருந்தான்.

"என்ன வேதமுத்து?"

"இது பீடி இல்ல அண்ணாத்தே. வெத்தல போடற வயசான பொம்பளையோட டப்பா. பஞ்சு தலகாணிது." அவன் குரல் இறங்கியிருந்தது. "செத்தவங்க படுத்திருந்த பாயையும் தலகாணியையும் ஊட்ல வெச்சுக்க மாட்டாங்கோ. ஊருக்கு வெளிய கொண்டாந்து கொளுத்திடுவாங்கோ. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதான், ஆனாலும் எங்கம்மாவுக்கு நானும் கொளுத்தனேன்."

கரைமேல் யாரோ வரும் சத்தம் கேட்டது. அறுபதை நெருங்கும் ஒரு மனிதர். மொட்டையடித்த தலையில் முள்முள்ளாய் முடி வளரத் தொடங்கியிருந்தது.

"யாரு நீங்க? இங்க இன்னா நோண்டறீங்க?"

வேதமுத்து எழுந்து, டப்பாவை நீட்டினான். "பெரியவரே, இது யாருதுன்னு தெரியுமா?"

அந்த மனிதர் வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் மூடியைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் உலகநாதன், இறந்துபோன சின்னசாமியின் அண்ணன். போலீஸிடம் ஊர் சார்பில் பேசியவர்.

"எங்கம்மாது" என்றார். "வேம்புலியம்மா. மாசி மாசம் தவறிடுச்சு."

பரந்தாமன் தாம் யார் என்பதைச் சொன்னார். படத்தைக் காட்டினார். கைப்பிடியையும் விசிறியையும் காட்டினார். உலகநாதன் மறுக்கவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பிக்கு அம்மான்னா உசுரு சார். காரியம் முடிஞ்சும் பாயத் தூக்கிப்போட வுடல. 'அம்மா வாசன கீதுண்ணா'ம்பான். அதும் பக்கத்துலயே படுத்துகினு கெடந்தான். ஒயுங்கா சாப்பட்றதில்ல. எல்லாரும் சொல்லிப் பாத்தோம். அன்னிக்கி அவனுக்கு நைட் ஷிப்ட்டு. அவன் வரதுக்குள்ள பாயி இல்லாம பண்ணிட்டா, ஒரு நாளு அயுவான், அப்பால தேறிடுவான்னு நாகவல்லி..." அவர் நிறுத்தினார். "தம்பி பொஞ்சாதி. அவதான் கொண்டாந்து நெருப்பு வெச்சா. காத்து தூக்கிக்கினு போயி கோரைல வுட்டுடுச்சு."

வேதமுத்து திரும்பி ஏரியின் குறுக்கே பார்த்தான். கருவேல மரத்திலிருந்து வளைவு நேர் கிழக்கே தெரிந்தது.

"அப்ப புகை இருந்துதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார் பரந்தாமன்.

"தெரியும்."

"அந்த டிரைவர் மேல என்ன கோபம்?"

"அவன் மேல எங்களுக்கு இன்னா சார் கோவம்? பொகன்னு ஒத்துகினா, எந்தப் பொக, யாரு வெச்ச நெருப்புன்னு கேப்பீங்க. அது அவ காதுல வியும். புருஷன் அயக்கூடாதுன்னு வெச்ச நெருப்பு, அதே நெருப்புதான் அவனை... சொல்லுங்க சார், அவ தாங்குவாளா? அதான் ஊரு பூரா ஒரே பேச்சா பேசிட்டோம். பொக இல்ல. லாரிக்காரன் தூங்கிட்டான்."

"அவனும் இப்ப அதைத்தான் நம்பறான்" என்றார் பரந்தாமன். "திங்கட்கிழமை கோர்ட்ல, நான் தூங்கித்தான் கொன்னேன்னு சொல்லப் போறான்."

உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். டப்பாவை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு ஒன்று அருகே வந்து முளையைக் கடித்தது.

"எனக்குத் தெரியும் மாமா."

மூன்று பேரும் திரும்பினார்கள். கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. குடம் காலியாக இருந்தது.

உலகநாதன் எழ முயன்றார். "நாகவல்லி, நீ ஊட்டுக்குப் போம்மா. இவங்க சும்மா..."

"அன்னிக்கே தெரியும் மாமா. இங்கதான் நின்னுகினு இருந்தேன். கோரைல புடிச்சுகினுதும் மரத்துத் தயையை ஒடிச்சு அடிச்சு அடிச்சுப் பாத்தேன். அணையல. பொக பூரா ரோட்டாண்ட போச்சு." அவள் குரலில் அழுகை இல்லை. "அவரு வளைவாண்ட வந்தா சைக்கிள் பெல்லை ரெண்டு தபா அடிப்பாரு. நான் அடுப்புல டீ வெக்கணும்னு. அன்னிக்கி ஒரு தபாதான் கேட்டுது."

வேதமுத்து கீழே பார்த்தான்.

"அப்டின்னா ஏம்மா ஒரு வார்த்த..." உலகநாதனால் முடிக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நீங்கல்லாம் நெனச்சுகினு கீறீங்களேன்னுதான். அந்த ஒண்ணாவது உங்களுக்கு நிம்மதியா இருக்கட்டும்னு வாயத் தொறக்கல."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். பரந்தாமனின் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். "அது மேல இருந்து எடுத்ததா சார்? நான் பாக்கலாமா?"

அவர் கொடுத்தார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். வேதமுத்து மெதுவாகத் திருப்பி வைத்தான்.

"இதுல அவரு கீறாரா?"

"இல்லக்கா" என்றான் வேதமுத்து. "இது ரெண்டு நாளு கயிச்சு எடுத்தது."

"எங்க ஊடு?"

அவன் கறுப்பின் முனைக்குப் பக்கத்தில், சாம்பல் நீலத்தில், ஒரு புள்ளியைக் காட்டினான். எந்தப் புள்ளி எந்த வீடு என்று அந்தப் படத்தில் யாராலும் சொல்ல முடியாது. அது அவனுக்குத் தெரியும்.

"அப்ப நான் உள்ளதான் கீறேன்" என்றாள் நாகவல்லி. படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த டிரைவருக்குக் கொயந்தைங்க கீதா?"

"ரெண்டு."

"பொஞ்சாதி?"

"அவங்கதான் எங்களை வரச் சொன்னாங்க" என்றார் பரந்தாமன். பிறகு அவருக்கு வழக்கமில்லாத ஒன்றைச் சொன்னார். "நீங்க கட்டாயம் வரணும்னு இல்லம்மா. டீக்கடை அம்மா சொல்றதை வெச்சு நான் பாத்துக்கறேன்."

"ராஜம்மா இன்னா கண்டா? பொகையத்தான் கண்டா." அவள் குடத்தை எடுத்து மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "டிரைவரு தூங்கலன்னு நான் சொன்னாத்தான் அந்த மனுசனே நம்புவாரு. செத்தவர் பொஞ்சாதி சொன்னா பொய்யா இருக்காதுல்ல. எத்தினி மணிக்குக் கோர்ட்டு?"

"பத்தரைக்கு."

"பூந்தமல்லிதான? மாமா கூட்டிகினு வருவாரு." உலகநாதனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் தண்ணீர்க் குழாய் இருந்த பக்கம் நடந்தாள்.

திரும்பி வரும்போது காற்று எதிர்த் திசையிலிருந்து வீசியது. ஏரிக்குள் நடக்கையில் முகத்தில் அடித்தது. ராஜம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டு, "இன்னொரு டீ போடவா?" என்று கூவினாள். வேதமுத்து வேண்டாம் என்று கையை ஆட்டினான். ஸ்கூட்டர் முதல் உதையிலேயே கிளம்பியது. அவன் பின்னால் ஏறிக்கொண்டான்.

திங்கட்கிழமை செபாஸ்டியன் குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு நவம்பரில் முடிந்தது. ராஜம்மாவும் நாகவல்லியும் சாட்சி சொன்னார்கள். ராஜம்மாவிடம் 'மேல்காத்து' என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். அவள் கையை மேற்கே நீட்டிக் காட்டினாள். அது பதிவு செய்யப்பட்டது. செயற்கைக்கோள் படங்களைச் சாட்சியமாக ஏற்கவில்லை. செபாஸ்டியன் விடுதலையானான். அதன் பிறகு அவன் லாரி ஓட்டவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காவலாளியாகச் சேர்ந்தான். ஏரியில் தீ வைத்ததாக யார் மீதும் வழக்குப் போடவில்லை. நாகவல்லி அந்த வருடமே சித்தேரிக்கரையை விட்டு, கள்ளிக்குப்பத்தில் இருந்த அக்கா வீட்டுக்குக் குடிபோனாள்.